வெற்றிலையைக் காட்டிக்கொடுத்த வால்

அந்தக் காலத்தில், ஊர்வனவும் பறப்பனவும் வாய் ஓயாமல் பேசித் திரிந்தபோது, இடிந்த மண்டபம் ஒன்றில் இலையாட்டம் நடக்கும். ஆளுக்கோர் இலையை எடுத்து உள்ளங்கையில் மறைக்க வேண்டும். அரசிலை வந்தால் ராஜா. வெற்றிலை, பெயரிலேயே இருக்கிறதே, வெற்று இலை. மற்றவை நடுத்தரம். வெற்றிலையை வைத்துக்கொண்டே ராஜா முகம் காட்டினால் எதிராளி பயந்து, பந்தயத்தை விட்டுவிட்டு எழுந்துவிடும். அதில் உடும்பக்காவை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் வேடிக்கை பார்க்க ஓர் ஈ காக்கை வராது. மூடிய கையை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது?

மண்டபத்துக்குச் சொந்தம் கொண்டாடிய பெருச்சாளி, பல்லியை உத்தரத்தில் ஏற்றியது.

"மேலிருந்து உடும்பக்காவின் கையை எட்டிப் பார். அரசிலை என்றால் வாலைத் தூக்கு. வெற்றிலை என்றால் தொங்கவிடு."

ஆடுகிறவர்களிடம் மூச்சுவிடவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. மண்டபம் கொள்ளாத கூட்டம்! ஆந்தைகூடப் பகல் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்தது.

அன்று கீரி தன் மேட்டுப் புற்றைப் பந்தயம் வைத்தது. உடும்பக்கா தன் பள்ளத்துப் புற்றை வைத்தாள். மழைக்குள் முட்டைகளை மேட்டுக்கு மாற்றியாக வேண்டும் அவளுக்கு.

வந்தது வெற்றிலை. முகம் அசையவில்லை. கீரிக்கு மீசை நடுங்கியது. "எனக்கு வேண்டாம்க்கா" என்று பாதி எழுந்தும்விட்டது.

உத்தரத்தில் வால் தொங்கியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"வெத்திலைக்கு என்னா மிடுக்கு! சுண்ணாம்பு வேணுமாக்கா?" என்றது தவளை.

கீரி மறுபடி உட்கார்ந்தது. "காட்டுங்கக்கா."

ஒரு வாடல் புங்கிலையிடம் உடும்பக்கா தோற்றாள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அடப் பாவிகளா! என் கையில் இருப்பதை யாரைக் கேட்டு ஊருக்குக் காட்டினீர்கள்?"

"கோபப்படாதே அக்கா," என்றது பெருச்சாளி. "உன் ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டம் என்றைக்காவது வந்ததா?"

"என் முட்டை நனையும்போது இந்தக் கூட்டமா வந்து குடை பிடிக்கும்?"

விறுவிறுவென்று தூணில் ஏறிப் பல்லியின் வாலைக் கவ்வினாள்.

"தொங்கவிடச் சொன்னார், தொங்கவிட்டேன்! விடுக்கா!"

"புற்றை விட்டது போதும். இனி எதையும் விடமாட்டேன்!"

பல்லி வாலையே கழற்றிப் போட்டுவிட்டு ஓடியது. அறுந்த வால் அவள் வாயிலேயே மேலும் கீழும் துள்ளியது. "அரசிலை! இல்லை, வெற்றிலை!" என்று கூட்டம் கைதட்டியது.

அன்று முதல்தான் உடும்பு பிடித்தால் விடுவதில்லை. பல்லி அகப்பட்டால் வாலைப் போட்டுவிட்டு ஓடுகிறது. அறுந்த வால் மட்டும் துடித்துக்கொண்டே கிடக்கும். கூட்டம் இன்னும் கலையவில்லை என்று அதற்கு நினைப்பு.