மீதி ஒரு மீன்

கடற்கரை ஊர் மாதா கோயிலுக்கு விவிலியம் விளக்க வந்தார் முனைவர் ஞானாதிக்கம். இயேசுவின் சீடர் பேதுருவின் வலையில் நூற்று ஐம்பத்து மூன்று மீன் பட்டதே, ஏன் அந்த எண்? மூன்று நாளாக அதைக் கூட்டினார், பெருக்கினார், கோயில் தூண்களைக்கூட அளந்து பார்த்தார்.

கோயில்பிள்ளை சிலுவைதாசன் கொட்டாவி விட்டார். கோயிலைத் திறப்பது, மணியடிப்பது எல்லாம் அவர்தான்.

முனைவர் பாய்ந்தார். “கொட்டாவியா? இந்த எண்ணுக்கு நீர் அர்த்தம் சொல்லும். இல்லையென்றால் சாவியை வைத்துவிட்டுப் போம்!”

கோயிலின் குருவான பங்குச்சாமியாரும் பயந்துபோய்த் தலையாட்டினார்.

சிலுவைதாசன் ஒரு காலத்தில் வலை இழுத்தவர். “இதுல என்ன இருக்கு ஐயா? கரைக்கு வந்ததும் பங்கு வைக்க மீனை எண்ணத்தான் செய்வாங்க. அன்னைக்குப் போன சீடருங்க ஏழு பேரு. அவங்க ஏறிப்போன வள்ளத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஆக எட்டு. பங்குக்குப் பத்தொன்பது மீனு.”

முனைவர் விரல்விட்டு எண்ணினார். “நூற்று ஐம்பத்திரண்டுதானே வருகிறது! மீதி ஒன்று?”

“அது, வலையைத் தொடாம கரையில நின்னு கேள்வி கேக்குறவருக்கு.”

முதலில் சிரித்தது பங்குச்சாமியார்தான். சாவி சிலுவைதாசன் இடுப்பிலேயே இருந்தது.

மதியச் சாப்பாட்டில் முனைவர் இலையில் ஒரே ஒரு மீன் விழுந்தது. அவர் அதற்கு அர்த்தம் கேட்கவில்லை.