மைனாவுக்குத் தெரியாத வளைகள்

குளத்தங்கரை மருத மரத்தில் ஒரு மைனா இருந்தது. யார் வந்து எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும்.

"தண்ணி எந்தப் பக்கம் தெளிவா இருக்கு?"

"மேற்கே போங்க!"

"அருகம்புல் எங்கே?"

"பாறைக்குப் பின்னாலே!"

எதிரே இருந்த கரட்டு மேட்டில் நிறைய வளைகள். மேய்ச்சலுக்குப் போகும் தாய்கள் குட்டிகளை அங்கேதான் விட்டுப்போகும். ஒரு முள்ளம்பன்றி காவல் இருந்தது. தினமும் வளையை மாற்றி மாற்றிக் குட்டிகளை ஒளித்துவைக்கும். எந்தக் குட்டி எந்த வளையில் என்பது அதற்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலமானால் தாய்கள் எல்லாம் ஒரேயடியாக வந்து முள்ளம்பன்றியை மொய்த்துக்கொள்ளும். அது காவல் பார்க்குமா, பதில் சொல்லுமா? அதனால் இனி கரையிலேயே மைனாவிடம் கேட்கலாம் என்று முடிவாயிற்று.

மைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, எல்லா வளையையும் காலையிலேயே எனக்குச் சொல்லிடுங்க! மனப்பாடமா வச்சுக்கறேன்."

"வேண்டாம்மா," என்றது முள்ளம்பன்றி. "தாய் வந்து கேட்டா, அவ உடம்புல நீயே அலகால ஒரு முடி பிடுங்கி எடுத்துட்டு வா. நான் மோந்து பார்த்து, அவ குட்டி இருக்கிற வளையை மட்டும் சொல்றேன்."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

முள்ளம்பன்றி காவலுக்குத் திரும்பிவிட்டது. எத்தனை பேருக்கு எத்தனை உபகாரம் செய்திருக்கிறோம், நம்மைப் போய் இப்படி நினைக்கிறாளே என்று மைனா அன்று முழுக்கப் புழுங்கியது.

மறுநாள் மாலை ஒரு நரி வந்தது. வாயில் ஒரு கொத்து முயல் முடி.

"மைனா ராணி! உன்னை விட்டா இந்தக் காட்டுல எனக்கு யாரு இருக்கா? முயல் எனக்குத் தங்கச்சி மாதிரி. கால்ல முள்ளு ஏறி நடக்க முடியாமக் கிடக்கா. குட்டிங்களை என்னைக் கூட்டிட்டு வரச் சொன்னா. இதோ அவ முடி!"

நரி என்றால் யோசிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் குரலில் அத்தனை உருக்கம்! மைனா கரைந்துபோயிற்று. "ஐயோ பாவம், அண்ணே! இங்கேயே இருங்க!" என்று முடியைக் கவ்விக்கொண்டு பறந்தது.

முள்ளம்பன்றி மோந்து பார்த்தது. "முயல் முடிதான். ஆனா காய்ஞ்சு கிடக்கே. ஏதோ முள்வேலியில சிக்கிக் கிடந்த முடி. நீ பிடுங்கினதா?"

மைனா தலை குனிந்தது. "இல்லக்கா. வந்தவர் கொடுத்தார்."

"அப்போ வந்தவர் உடம்புல நீயே பிடுங்கிட்டு வா!"

மைனா திரும்பிப் போய் அலகை நீட்டியது. "ஒரே ஒரு முடி, அண்ணே!"

"அட கிறுக்குப் பறவையே! என்கிட்டயேவா?" நரி பல்லைக் காட்டிச் சீறிவிட்டுப் புதருக்குள் ஓடி மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் முயல் துள்ளிக்கொண்டு வந்தது. அதன் காலில் முள்ளும் இல்லை, ஒன்றும் இல்லை! மைனா அதன் முதுகில் ஒரு முடி பிடுங்கிக்கொண்டு பறந்தது. "ஆவாரஞ்செடிக்குக் கீழ் வளை," என்றது முள்ளம்பன்றி. மூன்று குட்டிகளும் தாயோடு போய்ச் சேர்ந்தன. "நல்லா இருப்பே, தாயே!" என்று முயல் போகிற போக்கில் மைனாவை வாழ்த்திவிட்டுப் போயிற்று.

மைனா முள்ளம்பன்றியிடம் பறந்து வந்தது.

"அக்கா, அவன் ராணின்னு கூப்பிட்டான். வளை எதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். மூணு குட்டியும் போயிருக்கும்!"

"தெரியும்மா. வந்தவங்க யாரா இருந்தாலும் இனிமையாப் பேசுறது உன் சுபாவம். அதனாலதானே உன்னைக் கரையில உட்கார வச்சோம்? அதுல உன் தப்பு என்ன இருக்கு?"

மைனாவுக்குக் கண் கலங்கியது. "நீங்க என்கிட்ட சொல்லாம இருந்தீங்களே, அதுக்கு உங்களுக்குக் கோடிப் புண்ணியம், அக்கா!"

ஊரார் எல்லாரிடமும் பேச வேண்டியவரிடம் எல்லா ரகசியத்தையும் கொடுத்துவைக்கக் கூடாது. கேட்பவர் யாரென்று சரிபார்த்து, அவருக்கு உரியதை மட்டும் அவ்வப்போது எடுத்துக் கொடுப்பதே பேசுபவருக்கும் ரகசியத்தைக் காப்பவருக்கும் நல்லது.