எழுநூறு கிலோமீட்டரும் ஒரு மாமன் மடியும்

ஆவாரங்குளத்துக்காரர்கள் ரொம்ப நல்லவர்கள். சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள ஒரே தொந்தரவும் அதுதான். இந்தக் கதையை நம்பாதவர்கள் நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம், ஊருக்குப் பஸ் உண்டு. கண்டக்டரும் அந்த ஊர்க்காரர் என்பதால், இறங்க வேண்டிய இடத்தை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் பிறந்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற சுடலைமுத்து பழைய கார் ஒன்று வாங்கினான். விற்ற புரோக்கர் சாவியைக் கொடுக்கும்போது, “டேங்க் நிரப்பிட்டு ரெண்டு பேர் போனா எழுநூறு கிலோமீட்டர் வரும் சார். சந்தேகம்னா, நடுவுல பெட்ரோல் போடாம வண்டி தானா நிக்கிற வரைக்கும் ஓட்டிப் பாருங்க” என்றார். சுடலைமுத்து இதை ஒரு காகிதத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டான்.

ஓட்டிப் பார்க்க வாய்ப்பும் உடனே வந்தது. தங்கை பேச்சித்தாயின் ஏழு மாதப் பெண்ணுக்கு ஊர்க்கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நல்ல நேரம் சாயங்காலம் ஐந்தே முக்காலோடு சரி. “நீ வரலைன்னா யாரோ பங்காளி மடியில உக்கார வெச்சிருவாங்கண்ணே. எனக்கு அண்ணன் இருந்தும் இல்லாத மாதிரி ஆயிரும்” என்று பேச்சித்தாய் போனிலேயே அழுதாள். சுடலைமுத்துவும் அழுதான். தங்கச்சி பிள்ளை என்றால் அவனுக்கு உயிர்.

விடியற்காலை ஐந்து மணிக்கு டேங்கை வழிய வழிய நிரப்பி, மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்துக் கிளம்பினார்கள். பக்கத்தில் மனைவி இசக்கியம்மாள். கிருஷ்ணகிரி வருவதற்குள்ளேயே அவளுக்கு ஒரு கவலை வந்துவிட்டது.

“ஏங்க, பாரம் கூடுனா வண்டி பெட்ரோல் நிறைய குடிக்குமாமே. பின்னால இருபத்திநாலு இட்லி இருக்கு.”

“ஆமா, சட்னி வேற இருக்கு.”

“சாப்பிட்டுட்டா பாரம் குறைஞ்சிரும்லா?”

சாப்பிட்டார்கள். அப்புறம் சீர்த்தட்டுக்கு வாங்கிய இரண்டு சீப்பு வாழைப்பழத்தையும் சாப்பிட்டார்கள். “இப்ப பாரு, வண்டி பஞ்சு மாதிரி போகுது” என்று சுடலைமுத்து சீட் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டான்.

சேலத்தில் சிவப்பு விளக்கு விழுந்து கார் நின்றது. இசக்கியம்மாள் பதறிப்போனாள். “நின்னுருச்சே! அம்புட்டுத்தானா?”

“இது போலீஸ் நிறுத்துனது. தானா நின்னாத்தான் கணக்கு.”

புருஷனுக்கு எவ்வளவு விவரம் என்று நினைத்து அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐந்தே காலுக்கு ஊர்க்கோயில் வந்தது. ஊரே வாசலில் நின்றது. பேச்சித்தாய் இடுப்பில் பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளை, பக்கத்தில் ஊசியோடு ஆசாரி. கார் வந்தது, எல்லோரும் கை காட்டினார்கள், கார் போய்விட்டது. கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மெதுவாக மறுபடி வந்தது.

“அண்ணே, இறங்குண்ணே! நேரம் போகுது!”

“வண்டி இன்னும் நிக்கலையே, பேச்சி! கால் டேங்க் கிடக்கு. நானா நிறுத்துனா கணக்கு கெட்டுரும்.”

வேறு ஊராக இருந்தால் இந்நேரம் கல்லை எடுத்திருப்பார்கள். ஆவாரங்குளத்தில் எல்லோரும் யோசித்தபடியே காரோடு கூட நடந்தார்கள். பேச்சித்தாயின் புருஷன் பரமசிவன் சொன்னான்: “மச்சான் சொல்றதும் நியாயந்தான். மடி சுத்துதுன்னா பிள்ளையும் கூடச் சுத்தட்டும். உள்ள குடுத்துருவோம்.”

“ஐயையோ, ரெண்டு பேர்னுல்லா எழுதியிருக்கு. மூணு ஆயிருமே!” என்றாள் இசக்கியம்மாள்.

பூசாரி தொண்டையைச் செருமினார். “பிள்ளைக்குப் பல்லு முளைச்சிருக்கா?”

“இல்ல சாமி.”

“பஸ்ஸுல டிக்கெட் கேப்பாங்களா?”

“கேக்க மாட்டாங்க.”

“அப்ப ஆள் கணக்குல வராது. குடுங்க.”

ஜன்னல் வழியாகப் பிள்ளை மாமன் மடிக்குப் போய்ச் சேர்ந்தது, சேர்ந்ததும் ஹாரனை அமுக்கிச் சிரித்தது. ஆனால் ஆசாரி கையை விரித்துவிட்டார். “ஓடுற வண்டியில குத்துனா மாமன் மூக்குலதான் குத்துவேன். வண்டி நிக்கட்டும்.”

மணி ஐந்தரை. பேச்சித்தாய் அழ ஆரம்பித்தாள். பெண்டாட்டி அழுதால் பரமசிவனுக்கு மூளை வேலை செய்யும்.

“பெட்ரோல் தீந்தாத்தானே நிக்கும்? நாம தீத்துருவோம்.”

ஒரு ரப்பர் குழாயும் ஒரு குடமும் வந்தன. கார் ஊர்ந்தது. பரமசிவன் டேங்கில் குழாயை விட்டு உறிஞ்சிக்கொண்டே கூட நடந்தான். பேச்சித்தாய் குடத்தை இடுப்பில் வைத்துப் பிடித்துக்கொண்டே அவனோடு நடந்தாள். குடம் நிறையவும் கார் இரண்டு தரம் இருமி நின்றது. ஊரே கைதட்டியது.

“தானா நின்னுச்சு!” என்றான் சுடலைமுத்து, கண் கலங்கி.

நின்ற இடம் கோயிலுக்குப் பின்பக்கம். பூசாரி உதட்டைப் பிதுக்கினார். “சாமி முன்னாலல்லா குத்தணும்? இங்க சாமி முதுகுதான் இருக்கு.”

“சாமியைக் கொஞ்சம் திருப்பி வெச்சா?” என்று ஆசாரி கேட்டார். பூசாரி முறைத்தார்.

“அப்ப மடியைத் தள்ளிட்டுப் போக வேண்டியதுதான்” என்றான் பரமசிவன்.

“நான் இறங்கித் தள்ளவா, மாப்ள?”

“நீங்கதான மச்சான் மடி! அசையாம இருங்க.”

ஊர் மொத்தமும் தள்ளியது. ஐந்தே முக்காலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கார் சாமிக்கு நேராக வந்தது. ஆசாரி ஜன்னல் வழியாக இரண்டு காதையும் குத்தி முடித்தார். பிள்ளை வீறிட்டு அழுதது, அதைவிடச் சத்தமாக மாமன் அழுதான். “என் அண்ணன் வந்துட்டான், குறை வைக்கல” என்று பேச்சித்தாய் சிரித்தாள்.

அழுது முடித்த சுடலைமுத்து மீட்டரைப் பார்த்து அதிர்ந்தான். “ஐநூத்தி அறுபத்தஞ்சுதான் வந்திருக்கு! புரோக்கர் பொய் சொல்லிட்டானா?”

“பாவம், அந்த மனுசனை ஏசாதீங்க. தள்ளும்போதும் மீட்டர் ஓடுச்சுல்லா? நான் பாத்தேன்” என்றாள் இசக்கியம்மாள்.

பரமசிவன் வேட்டியை மடித்துக் கட்டினான். “அப்ப இன்னும் நூத்தி முப்பத்தஞ்சுதானே? எல்லாரும் வாங்க, தள்ளுவோம்.”

கார் நகர்ந்தது. பேச்சித்தாய் குடத்தோடு பின்னாலேயே ஓடினாள். “அண்ணே, இந்தப் பெட்ரோலை என்ன செய்ய?”

சுடலைமுத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். “சிந்தாம எடுத்துட்டு வா, தாயி. தெரியாத்தனமா டேங்க்ல கீங்க்ல ஊத்திராத. வண்டி ஓடிரும், அப்புறம் தள்ள முடியாது!”