மீன்கழுகு கூப்பிட்ட நாள்

அந்தக் காலத்தில், பறவைகளும் விலங்குகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆப்பிரிக்காவின் ஜாம்பசி ஆற்றின் குறுக்கே மலை உயரத்துக்கு ஒரு சுவர் எழுந்தது. ஓடிய ஆறு நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது. பள்ளத்தாக்கே ஏரியாகிவிட்டது! நீர்யானைகளுக்கு ஒரே கொண்டாட்டம். யானைகள் குட்டிகளை முன்னால் விட்டு மேட்டை நோக்கி நீந்தின. இந்த அதிசயத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிந்தார்கள்.

அவர்களைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டியவள் லுயாண்டோ. துடுப்பைப் பிடித்தால் காற்றாய்ப் பறப்பாள், வாயும் அதே வேகம்தான். ஒரு விஷயத்தில் மட்டும் கறார். கூட்டுக்குச் சொந்தக்காரர் கூப்பிடாமல் யாரும் கூட்டை நெருங்கக் கூடாது என்பது அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம். நெருங்கியவர் திருடர். ஒரு தடவை மீறினால் போதும், அப்புறம் எந்தப் பிராணியும் அவள் படகை நம்பாது.

ஒரு நாள் காலை, முங்கிக்கொண்டிருந்த மரத்தின் உச்சியில் மீன்கழுகின் கூட்டைப் படகிலிருந்தவர்கள் பார்த்தார்கள். தண்ணீர் கூட்டுக்குள் புகுந்திருந்தது. பறக்கத் தெரியாத இரண்டு குஞ்சுகளும் தாயின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தன. சிறகை விரித்தால் இரண்டும் தண்ணீரில் விழுந்துவிடும். அதனால் அவள் அசையாமல் நின்றாள். கூப்பிடவும் இல்லை. அக்கம்பக்கத்தில் ஒரு சுள்ளிகூடக் கேட்டு வாங்கியவள் இல்லை, அப்படியொரு வீம்பு.

போய்த் தூக்கிவிடலாமே என்று படகில் ஆளாளுக்குப் பதறினார்கள். ஒருவர் துடுப்பையே பிடுங்கப் பார்த்தார். லுயாண்டோ படகைத் தள்ளியே நிறுத்திக்கொண்டாள்.

"அக்கா, ஒரு குரல் குடுங்க. அடுத்த நொடி அங்க நிப்பேன்."

"என் பிள்ளைங்களை எனக்குப் பார்த்துக்கத் தெரியும். நீ உன் வேலையைப் பாரு," என்றாள் மீன்கழுகு.

தண்ணீர் மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. ஓர் அலை அலகை நனைத்தது. சின்னக் குஞ்சு வழுக்கி, ஒற்றை நகத்தில் தொங்கியது. லுயாண்டோவுக்கு அழுகையே வந்துவிட்டது. வழக்கமாவது ஒன்றாவது என்று துடுப்பை ஓங்கினாள்.

அந்த நொடியில் மீன்கழுகு தண்ணீருக்கு மேலே அலகை நீட்ட, தலையை முதுகுவரை சாய்த்துக் கூவினாள். அவள் வாழ்க்கையில் முதல் கூவல்! இரு கரை மலைகளும் அதைத் திருப்பிச் சொல்லின.

படகு பாய்ந்தது. நாலைந்து கைகள் ஒன்றாக நீண்டன, படகு கவிழாதது புண்ணியம். தாயையும் படகில் ஏற்றி, குஞ்சுகளை மீன்கூடையில் போட்டதும் பெரியவர்களெல்லாம் குழந்தைகள் மாதிரி குதித்தார்கள். நனைந்த தாயால் இரை தேடப் போக முடியவில்லை. லுயாண்டோ தன் சாப்பாட்டுக்கு வைத்திருந்த மீனைத் தூக்கிப் போட்டாள். மீன்கழுகு அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள்.

"கேட்டது கேட்டாச்சு, இதையும் வாங்கிக்கறேன்," என்று கவ்விக் குஞ்சுகளுக்குக் கிழித்துக் கொடுத்தாள்.

அன்று முதல்தான் அந்த ஏரியின் படகுக்காரர்கள் மீன்கழுகைக் கண்டால் ஒரு மீனைத் தூக்கிப் போடுகிறார்கள். அவளும், உலர்ந்த கிளையின் உச்சியில் உட்கார்ந்திருந்தால்கூட, கழுத்துவரை தண்ணீர் நிற்பதுபோலத் தலையைப் பின்னால் சாய்த்துத்தான் கூவுகிறாள்.