குட்டை வாசலும் ஒரு புறாவும்

அந்தக் காலத்தில் புறா கழுத்தை நிமிர்த்தி நடக்கும். தலை ஆடவே ஆடாது. வாய் மட்டும் ஓயாது. அது பேசியதையெல்லாம் சொன்னால் பொழுது விடிந்துவிடும். கதைக்கு வருவோம்.

ஓர் ஊரில் பெரிய அரண்மனை. கூடங்கள் யானை நுழையும் உயரம். வாசல்கள் மட்டும் குட்டை. கட்டிய அரசர் குள்ளம். தன் தலைக்குச் சரியாக நிலை வைத்துவிட்டார். பின்னால் வந்த வாரிசுகள் எல்லாரும் நெட்டை. பாட்டன் வைத்த நிலையில் கைவைக்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. அதற்குப் பதிலாக ஓர் ஆளை வைத்தார்கள். பெயர் சடையாண்டி. அரண்மனை பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் நடந்து, வாசலுக்கு வாசல் "தலை, தலை" என்று குரல் கொடுப்பதுதான் அவர் வேலை.

ஒரு நாள் அரண்மனை மணியக்காரர் வந்தார்.

"நாளைக்குப் பக்கத்து நாட்டு ராஜா அரண்மனையைப் பார்க்க வர்றார். ஆள் பனைமர உயரம். கடைசி வாசல் மேல இருக்கிற புறாக்கூட்டை இன்னைக்கே தட்டிடு. இன்னொண்ணு. ராஜாவைப் போய்த் தலையைக் குனின்னு சொல்லிவைக்காதே. சண்டை வந்துரும்."

"சொல்லலேன்னா இடிச்சுக்குவாரே."

"இடிச்சாலும் சண்டைதான். உன் வேலையும் போயிரும்," என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

சடையாண்டி துடைப்பத்தோடு ஏணியில் ஏறினார். புறா முட்டைமேல் உட்கார்ந்தபடி அவரைப் பார்த்தது.

"அண்ணே, உள்ள குஞ்சு தட்டுது. காதை வச்சுக் கேளுங்க."

அவர் கேட்கவில்லை. கேட்டால் துடைப்பம் எழாது என்று அவருக்குத் தெரியும். "நாலு குச்சியைப் போட்டுட்டு வீடுங்கிற. எந்திரி. எனக்கே நாளைக்கு வேலை இருக்குமோ என்னவோ," என்றவர், ராஜா வருவதையும் மணியக்காரர் போட்ட கட்டளையையும் சொன்னார்.

புறா விடவில்லை. "அந்த ராஜாவை நான் குனிய வைக்கிறேன். வாயே திறக்க மாட்டேன். கூட்டை விட்டுடுங்க."

"நீ வாயே திறக்க மாட்டே. அதையும் பார்க்கலாம்," என்றார் சடையாண்டி. ஆனால் ஏணியை விட்டு இறங்கிவிட்டார்.

மறுநாள் ராஜா வந்தார். கிரீடம் வேறு. முதல் வாசலை நெருங்கியபோது காலடியில் ஒரு புறா. ஓர் அடி வைத்தது, தலையைக் குனிந்தது. மறு அடி, மறுபடி குனிந்தது. மிதித்துவிடக் கூடாதே என்று ராஜா அதையே பார்த்துக் குனிந்தபடி வந்தார். நிலை தலைக்கு மேல் போனதே அவருக்குத் தெரியாது. அடுத்த வாசலிலும் அப்படியே.

கடைசிக் கூடத்தில்தான் வினை. விதானத்தில் வரைந்திருந்த யானைகளைப் பார்த்த ராஜா அண்ணாந்தபடியே நடந்தார். கல் நிலை நெற்றிக்கு நேரே. சடையாண்டிக்கு "தலை" என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினார். புறா ஓடிப்போய் ராஜாவின் பாதத்தின்மேலேயே ஏறி நின்றது.

ராஜா திடுக்கிட்டுக் குனிந்தார். சிரித்தார். புறா இறங்கி முன்னால் நடந்தது. குனிந்தபடியே அதன் பின்னால் வாசலைத் தாண்டினார்.

"இத்தனை மரியாதை தெரிஞ்ச பறவை எங்க நாட்டுல இல்லை. இது எங்க குடியிருக்கு?"

மணியக்காரர் முந்திக்கொண்டார். "இங்கதான் மகாராஜா. இந்த நிலைமேல. பத்திரமா வச்சிருக்கோம்."

சடையாண்டி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் குஞ்சு பொரிந்தது. அவர் மடியிலிருந்து ஒரு பிடி கம்பு மணியை எடுத்துக் கூட்டருகில் வைத்தார்.

"வாசல்ல மட்டும் குனிஞ்சாப் போதுமே. எதுக்கு அடிக்கு அடி ஆட்டினே?"

"எனக்கு எல்லா வாசலும் உயரம்தானே, அண்ணே. உங்களுக்கு எங்க இடிக்கும்னு நான் என்னத்தக் கண்டேன்? எதுக்கும் இருக்கட்டும்னு எல்லா அடிக்கும் குனிஞ்சேன். இப்ப நிறுத்த வரலை."

"நிறுத்தாதே," என்றார் சடையாண்டி. "நாளைக்கும் ஆள் வருவாங்க."

அன்று முதல்தான் புறா அடிக்கு அடி தலையை ஆட்டி நடக்கிறது. பழைய அரண்மனைகளில் அதன் கூட்டையும் யாரும் தட்டுவதில்லை. நீங்கள் போனால் அது முன்னால் நடக்கும். விரட்டாமல் பார்த்துக்கொண்டே போங்கள், நெற்றி தப்பும்.