ஒரே துணியில் இரண்டு பேர்

குருவுக்கு ஒரு மரத்தடி வேண்டும் என்பார்கள். ஜெபமணி மாஸ்டருக்கு இருந்தது பூந்தமல்லியைத் தாண்டிய படப்பிடிப்புத் தளத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே தையல் மெஷின்களும் ஓர் இஸ்திரி மேஜையும் இருந்தன. கொடிகளில் ராஜாவும் மந்திரியும் சிப்பாய்களும் ஆள் இல்லாமல் தொங்கினார்கள். தொலைக்காட்சியின் சரித்திரத் தொடர்களுக்கு உடை தயாரிப்பது அந்த அம்மாளின் வேலை. சினிமாக்காரர்கள் வழக்கப்படி எல்லாருக்கும் அவர் மாஸ்டர்.

சீடரின் பெயர் தில்லைநாயகம். வயதில் மாஸ்டரைவிட ஒன்று கூட. நரையும் ஒரு பிடி கூட.

இந்தத் தில்லைநாயகம் முன்பு இணையத்தில் ஒரு சேனல் நடத்தினார். சரித்திரத் தொடர்களில் தப்புப் பிடிப்பது அதன் தொழில். பாண்டிய ராஜா கையில் கடிகாரம் கட்டின வெள்ளைத் தடம், அரண்மனைச் சமையலறையில் பிளாஸ்டிக் குடம், இளவரசி தோளில் அம்மை குத்திய தழும்பு என்று ஒவ்வொன்றுக்கும் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுவார். பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஒருநாள் ஜெபமணி மாஸ்டர் உடை தைத்த தொடர் ஒன்று மாட்டியது. தளபதியின் முதுகில் பிரஸ் பட்டன். வட்டம் போட்டார். மறுநாளே மாஸ்டர் போன் செய்தார்.

“பட்டனைப் பார்த்துட்டீங்களாமே?”

“பார்த்தேன். ஏன், பார்க்கக் கூடாதா?”

“நல்ல கண்ணு. நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க. எனக்கு ஆள் பத்தலை.”

திட்டு வாங்கத் தயாராக இருந்த மனுஷன் சரி என்றுவிட்டார். வந்து சேர்ந்தார். சேனலை மூடினார். ஆனால் சிரித்துப் பழகினவர்கள் சும்மா இருப்பார்களா? அவருடைய பழைய ரசிகர் ஒருவர் அதே மாதிரி ஒரு சேனல் தொடங்கினார். “நம்ம தில்லை சார் உடை பார்க்கிற தொடர் வரட்டும், வெச்சுக்கறேன்” என்று அதில் சொல்லியும் வைத்திருந்தார்.

இப்போது எடுத்துக்கொண்டிருந்தது பாளையக்காரர் காலத்துக் கதை. கோட்டையை முற்றுகை இடுகிற கம்பெனிப் படையில் ஸ்காட்லாந்துக்காரர்கள் சிலர் உண்டு. அவர்கள் ஊரின் கட்டம் போட்ட கம்பளித் துணிக்கு டார்ட்டன் என்று பெயர். இடுப்பில் பாவாடை மாதிரி கட்டுவார்கள், தோளில் போர்த்துவார்கள்.

எல்லாச் சிப்பாய்க்கும் கம்பளிப் பாவாடைதான் வேண்டும், அப்போதுதான் சரித்திரம் சரியாக இருக்கும் என்றார் தில்லைநாயகம். மாஸ்டர் மறுக்கவில்லை. ஒன்றை அவர் இடுப்பிலேயே சுற்றிவிட்டு, சிவப்புக் கோட்டு ஒன்றையும் மாட்டி, கத்திரி வெயிலில் நிற்கச் சொன்னார்.

சாப்பாட்டு வேளைக்கு முன்பே சீடர் கொட்டகைக்குள் வந்து விழுந்தார்.

“மாஸ்டர், இந்தப் பக்கம் வந்த ஸ்காட்லாந்துப் படைங்க நிறைய பேர் வெயில் தாங்காம வெள்ளைக் கால்சட்டைக்கு மாறிட்டாங்கன்னு நானே படிச்சிருக்கேன்.”

“எப்போ ஞாபகம் வந்தது?”

“இப்போதான்.”

எல்லாருக்கும் வெள்ளைக் கால்சட்டை தைத்தார்கள். கட்டம் என்று தொடரில் மிஞ்சியது ஒரே ஒரு போர்வை.

அந்தப் போர்வைதான் தில்லைநாயகத்தைத் தூங்கவிடவில்லை. ஒரு ஸ்காட்லாந்துச் சிப்பாய் காய்ச்சலில் சாகிறான். தண்ணீர் கொடுக்க வருகிற உள்ளூர்க்காரி ஒருத்தி பக்கத்தில் உட்காருகிறாள். அவன் தன் போர்வையைக் காட்டி, இது என் குலத்தின் கட்டம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறான். அவள் ஒரு வரி சொல்லி அழுகிறாள். இதுதான் காட்சி.

உள்ளூர்க்காரியாக நடிக்க இருந்தவர் செங்கமலம். எந்தத் தொடரைப் போட்டாலும் கூட்டத்தில் இடுப்பில் குடத்தோடு ஓர் ஓரமாக நிற்பாரே, அவர்தான். வாயைத் திறந்து பேச வேண்டிய வேஷம் முதல்முறையாகக் கிடைத்திருந்தது. டீ கொண்டு வருகிறவரிடம்கூடத் தன் வசனத்தைச் சொல்லிக் காட்டியிருந்தார். அவருக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது.

முதலில் வந்த போர்வை சிவப்பு. தில்லைநாயகம் திருப்பி அனுப்பினார். அடுத்து வந்தது படையில் எல்லாருக்கும் கொடுக்கிற கரும்பச்சையும் நீலமும். அதையும் அனுப்பினார். கடைசியாகக் கையால் நெய்த ஒரு முரட்டுப் போர்வை வந்தது. மண் நிறத்தில் சாம்பல் கட்டம். அதையும் மடித்து ஓரமாக வைத்தார்.

இயக்குநர் ஆள் அனுப்பினார். மத்தியானத்துக்குள் போர்வை வராவிட்டால் அந்தக் காட்சியே வேண்டாம், சிப்பாய் செத்துப்போனான் என்று வேறு யாராவது ஒரு வரியில் சொல்லிக்கொள்ளட்டும் என்றார்.

கொஞ்ச நேரத்தில் செங்கமலம் வாசலில் வந்து நின்றார். ரவிக்கை இல்லாமல் ஒரு தோள் தெரியக் கட்டிய பழைய காலத்துச் சேலை. அது தில்லைநாயகத்தின் ஏற்பாடு.

“அண்ணே, துணி வந்துருச்சா?”

“வந்துடும்மா.”

“சீனையே தூக்கிருவாங்கன்னு சொல்றாங்களே.”

செங்கமலம் போன பிறகு தில்லைநாயகம் மாஸ்டரிடம் வந்தார். மாஸ்டர் ஒரு தலைப்பாகைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், உண்மையான கட்டம் எது?”

“சிவப்புல என்ன குறை?”

“அது ஒரு குலத்தோட பேர் போட்டு வந்தது. இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம்னு பேர் வெச்சுப் பிரிச்சதெல்லாம் பெரும்பாலும் பின்னாடி நடந்தது மாஸ்டர். துணி வியாபாரிங்க கைவரிசை அதுல நிறைய. நம்ம சிப்பாய் அதுக்கெல்லாம் முன்னாடியே செத்துட்டான்.”

“பச்சை?”

“அது படைத்துணி. அதைக் காட்டி, இது என்னோடதுன்னு எப்படிச் சொல்லுவான்? அவனைச் சுத்தி எல்லாருக்கும் அதேதானே.”

“அப்போ இந்த முரட்டுப் போர்வை?”

“அது எந்தக் குலத்தோடதும் இல்லை. சும்மா ஒரு தறியில நெய்தது.”

“அந்தக் காலத்துல சும்மா ஒரு தறியில நெய்ய மாட்டாங்களா?”

“நெய்வாங்க. ஆனா ஆதாரம்னு கேட்டா நான் எதைக் காட்டுறது? நான் ஊரையே கேலி பண்ணினவன் மாஸ்டர். இப்போ எனக்கு வட்டம் போடக் காத்துக்கிட்டிருக்காங்க. பயமா இருக்கு.”

மாஸ்டர் மெஷினை நிறுத்தினார். தில்லைநாயகத்தின் சட்டையைப் பார்த்தார். நீலத்தில் வெள்ளைக் கட்டம்.

“சட்டை நல்லா இருக்கே. எங்க எடுத்தது?”

“இதுவா? தீபாவளிக்கு மதுரையில அண்ணன் எடுத்தது. எங்க வீட்டு வழக்கம். அப்பா இருந்த காலத்துலேர்ந்து ஒரே துணியில எல்லாருக்கும் சட்டை. மிச்சம் இருந்தா தலையணை உறை.”

“உங்க குலத்துக் கட்டமா?”

தில்லைநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கடைக்காரர் தள்ளிவிட்ட கட்டம் மாஸ்டர். ஆனா அதுலயும் ஒரு சௌகரியம் இருந்தது. சின்ன வயசுல சித்திரைத் திருவிழாவில நான் தொலைஞ்சு போயிட்டேன். அழகர் ஆத்துல இறங்குற கூட்டம். என் பேர்கூட எனக்குச் சொல்ல வரலை, அப்படி ஒரு அழுகை. வெள்ளரிப்பிஞ்சு விக்கிற அம்மா ஒருத்தங்க என்னைத் தூக்கிக் கூடை பக்கத்துல உட்கார வெச்சாங்க. கொஞ்ச நேரத்துல அதே துணியில சட்டை போட்டுக்கிட்டு இன்னொருத்தன் அழுதுகிட்டே ஓடுறான். எங்க அண்ணன். அந்தம்மா அவனைப் பிடிச்சு நிறுத்தி, என் கையை எடுத்து அவன் கையில வெச்சாங்க.”

“உங்க குலம் என்னன்னு கேட்டாங்களா?”

“இல்லை.”

“அது எந்த ஊர்க் கட்டம்னு?”

“இல்லை மாஸ்டர். ரெண்டு சட்டையையும் பார்த்தாங்க, அவ்வளவுதான்.”

“அண்ணன் என்ன பண்ணார்?”

“முதுகுல ஒண்ணு வெச்சான். அப்புறம் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் கையை விடலை.”

மாஸ்டர் எழுந்தார். ஓரமாகக் கிடந்த முரட்டுப் போர்வையை எடுத்து மேஜையில் விரித்தார். பெரிய கத்தரியை எடுத்தார். தில்லைநாயகம் ஐயையோ என்பதற்குள் போர்வை நடுவே இரண்டாகிவிட்டது.

“என்ன மாஸ்டர் இது! இருந்தது ஒண்ணு.”

“இப்போ ரெண்டு. ஒண்ணு சாகிறவனுக்கு. இன்னொண்ணு அவனோட அண்ணனுக்கு.”

“கதையில அண்ணன் கிடையாதே.”

“நீங்க போய்ச் சொல்லுங்க. வெள்ளரிப்பிஞ்சு அம்மாவையும் சேர்த்துச் சொல்லுங்க.”

தில்லைநாயகம் இரண்டு துண்டையும் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். நடந்து போகிற வயதுதான், ஆனாலும் ஓடினார். இயக்குநர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டார். கூடையும் கையும் வந்த இடத்தில் கடிகாரத்தை விட்டார். கதை எழுதுகிறவரைக் கூப்பிட்டார். குலம், கட்டம் என்ற வசனத்தை அடித்தார்கள். இனி எந்தக் குலம் என்று தில்லைநாயகத்திடம் யாரும் ஆதாரம் கேட்க முடியாது.

ஆனால் செங்கமலத்துக்கு முகம் வாடிவிட்டது.

“அப்போ என் வசனமும் போச்சாண்ணே?”

“போகலைம்மா. கூடியிருக்கு. வா, சொல்றேன்.”

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தார்கள். சிப்பாய் போர்வையைப் பிடித்தபடியே கண்ணை மூடினான். செங்கமலம் அதை அவன் கையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கூடாரங்களுக்கு நடுவே வெள்ளைக் கால்சட்டைக்காரர்கள் குறுக்கும் நெடுக்கும் போனார்கள். எல்லாரும் ஒரே மாதிரி. அவர்களில் ஒருவன் தோளில் மட்டும் மண் நிறத்தில் சாம்பல் கட்டம்.

செங்கமலம் அவன் முன்னால் போய் நின்றார். கையிலிருந்த துண்டை அவன் தோளில் கிடந்ததன் மேல் வைத்துப் பார்த்தார். ஒரு கட்டத்தின் கோடு மற்றதில் தொடர்ந்து போயிற்று. அவனுக்கு இவர் மொழி தெரியாது. இவர் தமிழில்தான் பேசினார்.

“உன் தம்பியாய்யா? போயிட்டான். தனியா போகலை. நான் பக்கத்துலயே இருந்தேன்.”

நடிகன் அந்தத் துணியை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டான். செங்கமலம் அவனைப் பார்த்து நின்றார். பிறகு யாரும் சொல்லாமலே தோளைத் தூக்கித் தன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தில் இத்தனை காலம் நின்றவருக்குள் இவ்வளவு இருந்ததா என்று எல்லாரும் திகைத்துப் போனார்கள். விளக்குப் பிடிக்கிற ஆள் மூக்கை உறிஞ்சினார். தில்லைநாயகம் வெட்கப்படாமல் அழுதார்.

இயக்குநர் ஓகே சொன்னார். கைதட்டல் நிற்கவே நேரமாயிற்று. செங்கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மானிட்டரில் மறுபடி போட்டுப் பார்த்தார்கள். மாஸ்டரும் வந்து பின்னால் நின்றிருந்தார். அப்போதுதான் தில்லைநாயகத்தின் கண் அங்கே போய் நின்றது. கன்னத்தைத் துடைத்தபோது தோளில் பூசியிருந்த மேக்கப் கலைந்துவிட்டது. ரவிக்கை இல்லாத தோளில், பளிச்சென்று, அம்மை குத்திய தழும்பு.

வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இயக்குநர் திரும்பிக் கேட்டார்.

“தில்லை சார், உங்க பக்கம் எல்லாம் சரிதானே? இன்னொண்ணு எடுக்கணும்னா இப்பவே சொல்லிடுங்க.”

தில்லைநாயகம் மானிட்டரைப் பார்த்தார். மானிட்டருக்கு அப்பால் செங்கமலத்தைச் சுற்றிக் குடத்தோடு நிற்கிற மற்ற பெண்கள் கூடியிருந்தார்கள். ஒருத்தி அவர் முகவாயைப் பிடித்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

“சரிதான் சார்” என்றார்.

பொழுது சாய்ந்ததும் கொட்டகையில் உடைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு போர்வைத் துண்டையும் தில்லைநாயகம் சேர்த்து மடித்தார். மடித்ததை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

“மாஸ்டர், அம்மை குத்தின தழும்பு தெரிஞ்சுது.”

“பார்த்தேன்.”

“பார்த்தீங்களா! ஏன் சொல்லலை?”

“நீங்க ஏன் சொல்லலை?”

தில்லைநாயகம் துணியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அந்த அழுகை திரும்ப வராதுன்னு தோணிச்சு.”

மாஸ்டர் தலையை ஆட்டினார். ஊசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார்.

“ஆனா என் பழைய ரசிகர் விட மாட்டார் மாஸ்டர். ஒளிபரப்பான அன்னைக்கே சிவப்பு வட்டம் போட்டுடுவார்.”

“அவ்வளவு நல்லாப் பார்ப்பாரா?”

“என்னைவிட நல்லா.”

மாஸ்டர் டப்பாவை மூடினார்.

“அப்போ நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லுங்க. நமக்கு ஆள் பத்தலை.”