வைஷே

"திட்டுறதுக்கு ஒரு சொல் தாங்க, டீச்சரம்மா. ரெண்டு மாசமா பூனை, நாற்காலின்னு படிச்சு என்ன பிரயோசனம்?"

பிச்சையாவுக்கு ஐம்பத்தாறு வயசு. ஜங்ஷனில் பாயின்ட்ஸ்மேன். தண்டவாளம் ரெண்டாகப் பிரிகிற இடம்தான் பாயின்ட். வருகிற ரயில் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் அதைத் திருப்பிவைப்பது அவர் பாடு.

டீச்சர் ஜெனிட்டாவுக்கு இருபத்தஞ்சு.

ஜெர்மனிக்குப் போகிற நர்சுப் பிள்ளைகளோடு ஜெர்மன் வகுப்பின் கடைசி பெஞ்சில் அவர் முண்டியடித்து உட்கார்ந்தது ஒரே காரணத்துக்குத்தான். கேட்காமல் கொள்ளாமல் மகளைக் கட்டிக்கொண்ட வெள்ளைக்காரனை, அவன் பாஷையிலேயே விரட்ட வேண்டும்.

மூணு வருஷமாகப் பேச்சில்லை. நேற்று மகள் செய்தி அனுப்பியிருந்தாள். 'ஊருக்கு வாறோம். வீட்டுக்கு வரலாமாப்பா?'

"என்ன சொல்லணும், அண்ணாச்சி?"

"'விலகிப் போ, லே'ன்னு சொல்லணும்."

"வைஷே."

"அவ்வளவுதானா? காரமே இல்லையே!"

"அங்க பேயை விரட்டுறதுக்கே இந்தச் சொல்லுதான்."

"அப்பச் சரி."

அடிவயிற்றிலிருந்து நாலு தரம் சொல்லிப் பார்த்தார். நர்சுப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சூடு ஆறுறதுக்குள்ள போனைப் போடுங்க!"

ஜெனிட்டா போட்டுக் கொடுத்தாள். திரையில் மகள் ராமலெட்சுமி.

"அப்பா!"

"ஒங்கிட்ட பேச வரல. அவனைக் கூப்பிடு."

யோனாஸ் வந்தான். தலை ஈரம் சொட்டச் சொட்ட, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

பிச்சையா மூச்சை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"வைஷே!"

யோனாஸ் விழித்தான். பிறகு அவன் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"வைஷே! யா, யா, வைஷே!"

"என்னட்டி சிரிக்கான்?"

"பாயின்ட்டுக்கு ஜெர்மன்ல அதாம்ப்பா பேரு! உங்க வேலையச் சொல்லி அறிமுகம் பண்ணிக்கிறீங்கன்னு நெனச்சுச் சிரிக்காரு. எனக்காகவா படிச்சீங்க?"

பிச்சையா கையால் போனைப் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"ஏமாத்திட்டீங்களே!"

"ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான், அண்ணாச்சி."

"வேற சொல்லே கெடைக்கலையாக்கும்?"

"நெறையக் கெடந்துது."

போனுக்குள்ளிருந்து யோனாஸ் கூப்பிட்டான். மனைவியிடம் கேட்டுக் கேட்டு, தமிழை ஒவ்வொன்றாகக் கோத்தான்.

"மாமா... பாயின்ட்... எந்தப் பக்கம்... இருக்கு?"

பிச்சையா பல்லை நறநறவென்று கடித்தார். கைக்குள் போன் சூடாகிக்கொண்டே இருந்தது.

"வீட்டுப் பக்கந்தாம்ல," என்று கத்தினார்.